அங்கோருக்கு இரண்டு லென்ஸ்: டாம்ரான் 28-200, சோனி 20 எஃப்/1.8

மூன்று எஃப்/2.8 ஜூம்களையும் தோளில் மாட்டிக்கொண்டு கம்போடியாவின் அங்கோர் கோயில்களுக்குப் போகாதீர்கள். சோனி ஃபுல்ஃபிரேம் பாடி (36 x 24 மி.மீ. சென்சார் உள்ள கேமரா) வைத்திருப்பவருக்கு அங்கே இரண்டு லென்ஸ் போதும்: டாம்ரான் 28-200 எஃப்/2.8-5.6, சோனி 20 மி.மீ. எஃப்/1.8 ஜி. (28-200, 20 என்பவை மி.மீ.யில் குவியத்தூரம்: எண் சிறிதானால் அகலக் காட்சி, பெரிதானால் தூரத்துக் காட்சி நெருங்கி வரும். எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும்.) இரண்டுமே 2020-இல் வந்தவை. முதலாவது பகல் முழுக்க கேமராவிலேயே இருக்கட்டும். இரண்டாவது விடியலுக்கும், கூரை தாழ்ந்த பிராகாரங்களுக்கும், மரவேர்கள் கவ்விப் பிடித்திருக்கும் தா ப்ரோம் கோயிலுக்கும். இந்தப் பரிந்துரைக்கான காரணங்களைக் கோயில் கோயிலாகச் சொல்கிறோம். டாம்ரானின் குறைகளும் கீழே இருக்கின்றன. அவை சிறியவை அல்ல, தெரிந்துகொண்டுதான் எடுத்துப் போக வேண்டும்.

முதலில் எடைக் கணக்கு. டாம்ரான் 17-28 எஃப்/2.8 420 கிராம், 28-75 எஃப்/2.8 ஜி2 540 கிராம், 70-180 எஃப்/2.8 முதல் பதிப்பு 810 கிராம். மூன்றும் சேர்ந்து 1770 கிராம். 28-200 575 கிராம், 20 எஃப்/1.8 373 கிராம். இரண்டும் சேர்ந்து 948 கிராம். கிட்டத்தட்ட 820 கிராம் மிச்சம். பல விமான நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதிக்கின்றன. லென்ஸைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, உதிரி பேட்டரியைப் போடவே முடியாது. ஆகவே இந்த 820 கிராம் பெரிய சலுகை. 34 டிகிரி வெயிலில் செங்குத்துப் படிகளில் ஏறி இறங்கும்போது அதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும்.

இனி அங்கோர் வாட். நம் ஊர்க் கோயில்களில் பெரும்பாலானவை கிழக்கு பார்த்தவை, காலை வெளிச்சம் ராஜகோபுரத்தின் மேல் விழும். அங்கோர் வாட் மேற்கு பார்த்தது. விடியற்காலையில் குளக்கரையில் நிற்பவருக்குச் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழும், கோயில் நிழலுருவாக மட்டுமே தெரியும். வாசல் 5 மணிக்குத் திறக்கும். பருவத்தைப் பொறுத்து ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் உதயம். நல்ல நிறம் வருவது உதயத்துக்கு முந்தைய இருபது முப்பது நிமிடங்களில்தான். அந்த இருட்டில் எஃப்/1.8 என்பது எஃப்/2.8-ஐக் காட்டிலும் 2.4 மடங்கு வெளிச்சம். எஃப்/2.8-இல் 1/6 நொடி கேட்கும் காட்சி இங்கே 1/15-இல் முடிந்துவிடும். பாடியிலுள்ள ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பை) நம்பி 1/15-ஐக் கையிலேயே பிடிக்கலாம். ட்ரைபாட் விரிக்க அங்கே இடம் இருக்காது. வடக்குக் குளத்தின் கரையில் கூட்டம் தோளோடு தோள் உரசி நிற்கும், யாராவது ஒரு காலைத் தட்டிவிடுவார்கள்.

ஒரு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். 20 மி.மீ. ஆயிற்றே, எஃப்/1.8-இல் வைத்தாலும் எல்லாம் கூர்மையாக விழும் என்று நினைத்துவிடுகிறார்கள். விழாது. கோபுரத்தில் ஃபோகஸ் செய்தால் ஏறத்தாழ 7.4 மீட்டருக்கு அப்பால் இருப்பவைதான் கூர்மையாக வரும். காலடியிலிருக்கும் அல்லி இலைகள் மங்கிப்போகும். இலையும் வேண்டும் என்றால் எஃப்/5.6-க்கு இறக்கி, 2.5 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்து, ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளியுணர்வைக் கூட்ட வேண்டும். வெளிச்சம் சற்று ஏறிய பிறகே இது நடக்கும். இருட்டில் இலையை விட்டுவிடுங்கள். அந்த நேரத்துக்கு நிழலுருவும் பிரதிபலிப்புமே போதும்.

மாதத்தையும் கவனியுங்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமபகல் நாட்களை ஒட்டி, மேற்கு வாசலிலிருந்து வரும் நடைபாதையில் நின்றால் சூரியன் நடுக்கோபுரத்தின் உச்சியில் எழும். டிசம்பரில் வலப்பக்கம் நகர்ந்துவிடும், ஜூனில் இடப்பக்கம்.

கோபுரம் பின்னோக்கிச் சாய்ந்து தெரிவது அகல லென்ஸ்களோடு வரும் தொல்லை. கேமராவை அண்ணாந்து பிடிப்பதுதான் காரணம். அங்கோர் வாட்டின் நடுக்கோபுரம் தரையிலிருந்து 65 மீட்டர் உயரம். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, சாய்க்காமல் மட்டமாகப் பிடித்தால், 20 மி.மீ.யில் 70 மீட்டர் தள்ளி நின்றே உச்சிவரை உள்ளே கொண்டுவந்துவிடலாம். 28-இல் அதற்கு நூறு மீட்டர் வேண்டும். கீழ்ப்பாதியில் வெறும் தரை நிறைய வரும், பரவாயில்லை. 33 மெகாபிக்சல் பாடியில் அதை வெட்டி எறிந்தாலும் படம் தாங்கும். மென்பொருளில் கோபுரத்தை நிமிர்த்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

கோயிலின் மேற்கு முகப்பில் வெளிச்சம் விழுவது பிற்பகலில். மூன்று மணிக்கு மேல் மறுபடி போங்கள். அப்போது 28-200 மட்டும் போதும்.

சுற்று மண்டபத்தின் புடைப்புச் சிற்பங்களில் லென்ஸ் தேர்வு உண்மையிலேயே சோதனைக்கு உள்ளாகிறது. பாற்கடல் கடையும் காட்சி கிழக்கு மண்டபத்தின் தென்பகுதியில் 49 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. வாசுகியின் ஒரு பக்கம் 92 அசுரர்கள், மறு பக்கம் 88 தேவர்கள், நடுவில் திருமால். இதை ஒரே படத்தில் நேருக்கு நேர் அடக்க எந்த லென்ஸாலும் முடியாது, பின்னால் போக இடமில்லை. மூன்று மீட்டர் தள்ளி நின்று 28 மி.மீ.யில் எடுத்தால் ஒரு படத்துக்கு 3.9 மீட்டர் சுவர் கிடைக்கும். மூன்றில் ஒரு பங்கு ஒன்றின்மேல் ஒன்று படியும்படி நகர்ந்து எடுத்தால் ஏறத்தாழ 19 படங்களில் முழுச் சுவரையும் ஒட்டிவிடலாம். அதற்கு மேனுவல் எக்ஸ்போஷர், நிலையான வைட் பேலன்ஸ், சுவருக்கு இணையான கேமரா, ஒரே தூரம் என்று நான்கு நிபந்தனைகள் உண்டு. ஒன்று தவறினாலும் ஒட்டு தெரியும். 20 மி.மீ.யில் குறைந்த படங்களில் முடித்துவிடலாமே என்று தோன்றும். ஓரங்களில் இருக்கும் உருவங்கள் இழுபட்டுப் பருத்துவிடும், வேண்டாம்.

ஒட்டுப்படம் வேண்டாதவர்கள் சுவரை ஒட்டிச் சாய்வாக நின்று 85 முதல் 105 மி.மீ.க்குள் வைத்துப் பாருங்கள். வரிசையாகப் பாம்பை இழுக்கும் அசுரர்களின் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வந்து நிற்கும். ஒரே அசைவு சுவர் நெடுகத் திரும்பத் திரும்ப வருவதுதான் அந்தச் சிற்பத்தின் உயிர். அகல லென்ஸ் அதைச் சிதறடித்துவிடுகிறது. கிழக்கு மண்டபத்துக்குக் காலையில் போனால் தூண்களுக்கு இடையே பக்கவாட்டு வெளிச்சம் வந்து புடைப்பைக் காட்டும். குருக்ஷேத்திரப் போர் மேற்கு மண்டபத்தின் தென்பகுதியில் இருக்கிறது, அதற்குப் பிற்பகல். ஃபிளாஷ் எதற்கும் வேண்டாம், நேரடி வெளிச்சம் புடைப்பைத் தட்டையாக்கிவிடும்.

அடுத்து பாயோன் கோயில். அதன் கோபுரங்கள் முழுக்கப் பெரிய கல் முகங்கள். மேல்தளத்தில் நின்றவுடன் எல்லோரும் அகல லென்ஸை மாட்டுகிறார்கள். அப்போது முகங்கள் சிறுத்து, சுற்றுலாப் பயணிகள் பெருத்துப் போவார்கள். 70 முதல் 135 வரை வைத்துக்கொண்டு, அருகிலுள்ள முகத்தின் பக்கத் தோற்றத்துக்குப் பின்னால் தூரத்து முகம் ஒன்று வந்து நிற்கும் இடத்தைத் தேடுங்கள். ஓரடி நகர்ந்தால் அமைப்பே மாறிவிடும், ஆகவே நிதானம் வேண்டும். 28-75 கொண்டுபோனவர்கள் இங்கேதான் முதன்முதலாகத் தவிப்பார்கள்.

தா ப்ரோமில் 20 மி.மீ. முற்றங்கள் குறுகல், வேர்களோ கூரையிலிருந்து தரைவரை வழிகின்றன. செங்குத்தாகப் பிடியுங்கள். மரக்கிளைகளுக்கு இடையே வானம் வெள்ளையாக வெந்துபோகும், அதனால் வானத்தைச் சட்டகத்தில் சேர்க்காமல் எடுப்பது நல்லது. சேர்த்தே ஆக வேண்டுமானால் ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி எடுத்து, பிறகு மென்பொருளில் இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்குங்கள். வாசல் ஏழரைக்குத் திறந்தவுடன் போனால் முதல் அரை மணி நேரம் ஆளில்லாமல் கிடைக்கலாம்.

பந்தேய் ஸ்ரேய்க்காகவே 28-200-ஐ எடுத்துப் போகலாம். அங்கோர் தொகுதியிலிருந்து வடகிழக்கே தள்ளி இருக்கும் சிறு சிவன் கோயில். கி.பி. 967-இல் குடமுழுக்குக் கண்டது. இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரச்செதுக்கு போன்ற வேலைப்பாடு. அளவில் சிறியது என்பதால் பலரும் 28-75 போதும் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஆனால் நடுச் சன்னிதிகளைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது, மேடைமேல் ஏற முடியாது. கயிற்றுக்கு வெளியே 8 மீட்டரில் நின்று 200 மி.மீ.யில் எடுத்தால் சட்டகத்தின் அகலத்தில் 1.44 மீட்டர் கல் அடங்கும், அதாவது ஒரு வாசல் மேற்கல் சட்டகத்தை நிறைத்துவிடும். அதே இடத்தில் 75 மி.மீ.யில் 3.84 மீட்டர் விழும். அதிலிருந்து அந்த 1.44 மீட்டரை வெட்டி எடுத்தால் 33 மெகாபிக்சலில் 4.6-தான் மிஞ்சும். கைபேசித் திரைக்குப் போதும். சுவரில் மாட்ட முடியாது.

எதைத் தேடி எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். நூலகம் என்று அழைக்கப்படும் தெற்குக் கட்டடத்தின் கிழக்கு முகப்பில் இராவணன் கயிலையை அசைக்கிறான். கிழக்குப் பக்கக் கோபுரவாயில் முகப்பு ஒன்றில் ஆடும் சிவன் இருக்கிறார். அவர் காலடியில் எலும்பும் தோலுமாய் அமர்ந்திருக்கும் பெண்ணைக் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். தமிழ் வாசகர்கள் இந்த உருவத்தைத் தவறவிடவே கூடாது. வழிகாட்டிகள் பலர் நிற்காமல் கடந்துவிடுவார்கள், நீங்களே நின்று பாருங்கள். உருவம் சிறியது, உயரத்திலும் இருக்கிறது. 150-க்கு மேல் ஜூம் இல்லாவிட்டால் வெறும் புள்ளியாகத்தான் கிடைக்கும். 200 மி.மீ., எஃப்/8, 1/320, ஐஎஸ்ஓ 400 என்று தொடங்கி, திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். கோயில் கிழக்கு பார்த்தது, ஆகவே காலையில் போக வேண்டும்.

மாலையில் ப்னோம் பாகேங் குன்று. அங்கோர் வாட் அங்கிருந்து ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர். 200 மி.மீ.யில் அந்தத் தூரத்தில் 270 மீட்டர் அகலம் அடங்குவதால் கோபுரங்கள் காட்டுக்கு மேலே நல்ல அளவில் வரும். வெயில் தாழ்வதற்கு முன் எடுத்தால் வெப்பக் காற்று நெளிந்து கோபுர விளிம்பு அலையடிக்கும். அது லென்ஸின் தவறு அல்ல. மேலே ஒரே நேரத்தில் 300 பேருக்குத்தான் அனுமதி, நான்கு மணிக்கே வரிசையில் நில்லுங்கள்.

இனி டாம்ரானின் குறைகள். லென்ஸுக்குள் ஸ்டெபிலைசர் இல்லை. பாடியில் இருப்பதை மட்டுமே நம்ப வேண்டும், அது 200 மி.மீ.யில் அவ்வளவாக உதவாது. 1/250-க்குக் கீழே இறங்காதீர்கள். ஸ்டெபிலைசரே இல்லாத பாடிக்கு இந்த லென்ஸை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். எஃப்/2.8 என்று பெயரில் இருந்தாலும் அது 28-ஐ ஒட்டிய பகுதியில் மட்டும். 50-ஐ நெருங்கும்போது எஃப்/3.5 ஆகிவிடும், 80-இல் 4.5, 150-இல் 5.6. மேனுவலில் எடுக்கும்போது ஜூம் செய்தால் எக்ஸ்போஷர் மாறிவிடுவது இதனால்தான். எஃப்/5.6 அல்லது எஃப்/8-இல் நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. 200-இல் திறந்த அப்பர்ச்சரில் ஓரங்கள் மென்மையாக இருக்கும், எஃப்/8-இல் தேறிவிடும். திருத்தாத ரா கோப்பில் நேர்க்கோடுகள் வளையும். தூண்களும் படிகளும் நிறைந்த இடத்தில் இது கண்ணை உறுத்தும், ஆகவே மென்பொருளில் இந்த வளைவைத் திருத்தும் லென்ஸ் புரொஃபைலை மறக்காமல் போடுங்கள். தானியங்கி ஃபோகஸிலிருந்து கை ஃபோகஸுக்கு மாற்றும் ஏஎஃப்/எம்எஃப் பொத்தான் லென்ஸில் இல்லை, பாடியில் ஒரு பொத்தானுக்கு அந்த வேலையை ஒதுக்க வேண்டும்.

ஆனால் 28-இல் 19 சென்டிமீட்டர் வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும், ஈரப்பதத்தைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள் உண்டு, முன்கண்ணாடியில் துடைத்தால் போகும் ஃப்ளோரின் பூச்சும் உண்டு. பயண லென்ஸுக்கு இவை பெரிய விஷயங்கள்.

இதே வரிசையில் 2025-இன் இறுதியில் 25-200 எஃப்/2.8-5.6 ஜி2 வந்திருக்கிறது. புதிதாக வாங்குபவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும், அகலத்தில் அந்த 3 மி.மீ. நிறைய உதவும். பழைய 28-200 கையில் இருந்தால் இந்தப் பயணத்துக்காக மாற்ற வேண்டியதில்லை. சிக்மாவின் 20-200 எஃப்/3.5-6.3 ஒரே லென்ஸில் முடித்துவிடலாம் என்று ஆசை காட்டும். விடியல் இருட்டில் எஃப்/3.5 போதாது என்பதும், ஒரே லென்ஸ் கெட்டுவிட்டால் பயணமே கெடும் என்பதும் எங்கள் தயக்கத்துக்குக் காரணம். சோனி 24-105 எஃப்/4 நல்ல லென்ஸ், ஸ்டெபிலைசரும் உண்டு. 663 கிராம் தூக்கிக்கொண்டு போய் பந்தேய் ஸ்ரேயில் 105-இல் முடிந்துவிடுவதுதான் அதன் சிக்கல். நிக்கான் இசட் வைத்திருப்பவர்களுக்கு 24-200 எஃப்/4-6.3 விஆர் 570 கிராமில் சரியான மாற்று, ஸ்டெபிலைசர் அதற்குள்ளேயே இருக்கிறது. கேனான் ஆர்எஃப் 24-240 750 கிராம், எடையைச் சமாளித்தால் அதுவும் வேலைக்கு ஆகும். 85 மி.மீ. பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்), மேக்ரோ (மிக நெருங்கி எடுக்கும் லென்ஸ்) இரண்டையும் வீட்டில் விட்டுவிடுங்கள்.

டாம்ரான் 28-200, சோனி 20 இரண்டுக்கும் ஃபில்டர் அளவு 67 மி.மீ. ஒரே போலரைசர் இரண்டுக்கும் பொருந்தும். தா ப்ரோமில் இலைகளின் பளபளப்பைக் குறைக்கவும், க்பால் ஸ்பியன் ஆற்றுப்படுகையில் நீருக்கடியில் செதுக்கிய லிங்கங்களைக் காட்டவும் அது இல்லாமல் முடியாது. ஒன்றரை ஸ்டாப் வரை வெளிச்சத்தைத் தின்றுவிடும் என்பதால் மண்டபங்களுக்குள் கழற்றிவிடுங்கள். 20 மி.மீ.யில் நீல வானத்துக்குப் போடாதீர்கள், ஒரு பக்கம் கருநீலமும் மறு பக்கம் வெளிறலுமாகத் திட்டுத்திட்டாக வரும்.

அங்கே லென்ஸைக் கெடுப்பது ஈரம். ஏசி அறையில் குளிர்ந்த லென்ஸை வெளிக்காற்றில் எடுத்தவுடன் கண்ணாடியில் பனி படரும். அதைத் துணியால் துடைத்தால் மறுபடி படரும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றினால் சென்சார் கண்ணாடியிலும் படர்ந்துவிடும். இரவே பாடியையும் லென்ஸ்களையும் ஜிப் பூட்டுள்ள பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். விடிகாலை நான்கரைக்கு டுக்டுக்கில் ஏறும்போதும் உறையைத் திறக்க வேண்டாம். அரை மணி நேரத்தில் லென்ஸ் வெளிச்சூட்டுக்கு வந்துவிடும், பிறகு திறந்தால் பனி படராது. அவசரப்பட்டுத் திறந்தவர்கள் உதயத்தை மங்கலாகத்தான் எடுத்திருப்பார்கள். 28-200 ஜூம் செய்யும்போது நீண்டு காற்றை உள்ளே இழுக்கும். ஆகவே குளிர்ந்திருக்கும்போது ஜூமை அசைக்கக் கூடாது. வறண்ட மாதங்களில் செம்மண் தூசியும் இதே வழியில்தான் உள்ளே போகும். வண்டியில் போகும்போது 28-இல் வைத்து ஜூம் பூட்டைப் போட்டு, பையை மூடிவிடுங்கள். ஊர் திரும்பியதும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் இரண்டு நாள் வையுங்கள், பூஞ்சை வராது.

புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன் லென்ஸைச் சோதியுங்கள். செங்கல் சுவர் ஒன்றுக்கு நேராக, கேமராவை அசையாமல் நிறுத்தி, 28, 70, 200 மூன்றிலும் திறந்த அப்பர்ச்சரிலும் எஃப்/8-இலும் எடுங்கள். நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் எஃப்/8-இலும் மங்கலாக இருந்தால் உள்ளே கண்ணாடி மையம் விலகியிருக்கிறது என்று பொருள். அதைப் பயணத்துக்கு முன் மாற்றுவதற்கு அவகாசம் வேண்டும். கோயில்களில் நீங்கள் முன்பு எடுத்த படங்களை லைட்ரூமில் ஃபோகல் லென்த் வாரியாகப் பிரித்தும் பாருங்கள். 24-க்குக் கீழே பத்தில் ஒன்றுகூட இல்லை என்றால் 20-க்குப் பதில் சோனி 35 எஃப்/1.8 உங்களுக்குப் பொருந்தலாம். 280 கிராம்தான், அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்பின் இரவுச் சந்தைக்கும் நன்றாக வேலை செய்யும். ஆனால் தா ப்ரோம் மரங்கள் முழுசாகக் கிடைக்காது.

மூன்று பேட்டரிகள் போதும். சோனியின் எஃப்இசட்100 ஒன்று 16.4 வாட் ஹவர், கைப்பையில் தடையில்லை. மின்முனைகளில் மூடி போட்டு வையுங்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் புறப்படும் விமான நிலையத்தின் சுங்கப் பிரிவில் பாடியையும் லென்ஸ்களையும் காட்டி, சீரியல் எண்களோடு ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது இவை வெளிநாட்டில் வாங்கியவை அல்ல என்பதற்கு அதுவே ஆதாரம். வாங்கிய பில்லின் நகலும் கூடவே இருக்கட்டும். சீரியல் எண் லென்ஸில் எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் சுங்க மேசையில் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும்.